களத்துக்குப் போன நாற்காலி

பிரெஞ்சுக்காரன் செய்த நாற்காலிக்கும் குத்தாலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று என்னைக் கேட்காதவர்கள் இந்த வட்டாரத்தில் குறைவு. பஸ்ஸில் கேட்டிருக்கிறார்கள். ரேஷன் கடை வரிசையில் கேட்டிருக்கிறார்கள். பல் மருத்துவர் ஒருவர் என்னை அகலமாக வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு, பதில் சொல்ல வழியில்லாத நேரமாகப் பார்த்துக் கேட்டார். வாயில் பஞ்சோடு நான் என்ன சொன்னேனோ, அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

சம்பந்தம் இருக்கிறது. காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு இங்கிருந்து கிளம்பினால், அது செரிக்கும் முன் காரைக்காலில் இருக்கலாம். அந்த ஊரைப் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டார்கள். ஆண்டவர்கள் அலுவலகம் வைத்தார்கள், பள்ளிக்கூடம் வைத்தார்கள், ஆஸ்பத்திரி வைத்தார்கள். எல்லாவற்றுக்கும் மேசை நாற்காலி கப்பலில் வந்தது. விட்டுப் போகும்போது அதையெல்லாம் தலையில் தூக்கிக்கொண்டா போனார்கள்? ஏலத்தில் போனது கொஞ்சம், தெரிந்தவர்களுக்குக் கொடுத்தது கொஞ்சம், கேட்காமல் எடுத்துக்கொண்டது கொஞ்சம். அதே பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட சைகோனில் வேலை பார்த்துவிட்டுப் பென்ஷனோடு திரும்பியவர்கள் தங்கள் பங்குக்குச் சிலதைக் கொண்டுவந்தார்கள். சீர்காழியில் ஒரு வீட்டில் படிப்பு விளக்கு ஒன்று கோழிக்குஞ்சுக் கூட்டுக்கு வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்தது. நாகப்பட்டினத்தில் ஒரு இரும்பு மேசை, சுனாமித் தண்ணீர் உள்ளே வந்து போன வீட்டில் நகராமல் நின்றிருந்தது. அதன் கால்களை உப்பு அரித்திருந்த இடத்தை நான் தொடவில்லை, அப்படியே வைத்திருக்கிறேன்.

இவற்றையெல்லாம் சேர்த்து நான் காட்சிக்கு வைத்திருக்கும் இடம் ஒரு பழைய ரைஸ் மில். நெல் அவிக்கும் தொட்டிகளை எடுத்துவிட்டு, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, கூரையில் கண்ணாடி ஓடு பதித்தேன். அறிவிப்புப் பலகையில் காலரிக்கு நாகரிகமான பெயர் ஒன்று இருக்கிறது. அதை யாரும் சொல்வதில்லை. ஆட்டோக்காரர்களுக்கு இது நாற்காலி மில். கல்யாண சீசனில், வாடகைக்குக் கிடைக்குமா என்று போன் வரும். கிடைக்காது என்றால், இவ்வளவு நாற்காலியை வைத்துக்கொண்டு ஒருத்தி என்ன செய்கிறாள் என்று பேசிக்கொள்வார்கள். அது என் காதிலும் விழும். நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அடக்கமாகச் சொல்லத் தெரியாது, நேராகவே சொல்லிவிடுகிறேன். இந்தச் சாமான்களைப் பற்றி என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் இந்த நாட்டில் ஒருவர் இருக்கலாம். இரண்டு பேர் இருக்க மாட்டார்கள். சென்னையில் கட்டடக் கலை படித்து, உதவித்தொகையில் பாரிசுக்குப் போய், படிப்பு முடிந்ததும் பழைய உலோக நாற்காலிகளைப் பழுதுபார்க்கும் ஒரு பட்டறையில் சேர்ந்தேன். பட்டறை முதலாளியம்மா என் பட்டத்தைக் கேட்கவில்லை. அரம் பிடித்திருக்கிறாயா என்று கேட்டார். கதிர் அரிவாள் பிடித்திருக்கிறேன் என்றேன். மறுநாளே வரச் சொல்லிவிட்டார். அங்கே என் வாழ்க்கையின் பாதியைக் கழித்தேன்.

இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே அந்த நாட்டில் சில பேர் ஒரு முடிவுக்கு வந்தார்கள். நாற்காலி என்பது சிம்மாசனம் இல்லை. சிங்கத் தலை, பூ வேலை, வெல்வெட், குஞ்சம் எல்லாவற்றையும் வழித்து எறிந்தார்கள். இரும்புக் குழாயை வளைத்தார்கள், தகட்டை மடித்தார்கள். ஒரே நாற்காலியை ஆயிரக்கணக்கில் செய்து மாணவனுக்கும் நோயாளிக்கும் குமாஸ்தாவுக்கும் போட வேண்டும், எவரும் ஒற்றைக் கையால் தூக்க வேண்டும், இதுதான் அவர்கள் கொள்கை. வகுப்பில் இதைப் பேராசிரியர் சொன்னபோது மற்றவர்கள் குறிப்பெடுத்தார்கள். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். உட்காருவது என்றால் என்ன என்று எனக்கு யாரும் பாரிசில் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

என் அப்பாவும் அம்மாவும் பண்ணையில் வேலை செய்தவர்கள். எங்கள் ஊரில் மிராசுதார் வீட்டு வாசல் பக்கம் எங்கள் தெருக்காரர்களுக்கு வழி கிடையாது. கொல்லைப் பக்கமாகப் போய், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கூப்பிடும்வரை நிற்க வேண்டும். எவ்வளவு நேரமானாலும் நிற்க வேண்டும். உட்காருவது என்றால் மண்ணில் குந்தலாம், அதுவும் அவர்கள் கண்ணில் படாமல். கிராமத்து வாழ்க்கை போய்விட்டதே என்று பெருமூச்சு விடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். நீங்கள் எந்தப் பக்கம் நின்றீர்கள் என்று கேட்டுவிடுவேன். பெருமூச்சு நின்றுவிடும்.

நான் முதன்முதலில் பார்த்த நாற்காலி அறுவடைக் களத்தில் இருந்தது. அம்மா விடியும் முன்பே களம் பெருக்கப் போய்விடுவாள், நான் எழுந்ததும் தேடிக்கொண்டு ஓடுவேன். நெல் குவிந்திருக்கும். மிராசுதாரின் காரியக்காரர் குடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு ஒரு இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். மரக்காலால் அளக்கிற ஆள் அவருக்கு முன்னால் குனிந்து நிமிர்ந்துகொண்டிருப்பான். மற்ற எல்லோரும் சுற்றி நிற்பார்கள். அந்த நாற்காலியின் பின்கால்கள் தட்டையாக, நடுவில் அகன்று, இரண்டு முனையிலும் குறுகியிருக்கும். வெறும் களத்தின் நடுவே அது எப்படி வந்தது என்று நான் யோசித்ததில்லை. அங்கே அது இருக்கும், அதில் அவர் இருப்பார், அவ்வளவுதான்.

பட்டறையில் சேர்ந்த கொஞ்ச நாளில் அதே நாற்காலி என் மேசைக்கு வந்தது. அதே பின்கால். உடம்பின் பாரம் முழுக்கப் பின்காலில் இறங்குகிறது, அதனால் அங்கே தகட்டை அகலமாக மடித்திருக்கிறார்கள், முன்காலுக்கு வெறும் குழாய் போதும் என்று முதலாளியம்மா விளக்கிக்கொண்டிருந்தார். "இது எங்க ஊர் நாற்காலி" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். உன் ஊர் எங்கே இருக்கிறது என்று கேட்டார். காவிரிக்கரை என்றேன். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அன்றைக்கு முடிவு செய்தேன், ஒரு நாள் அந்தம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டுவேன் என்று.

அப்பாவும் அம்மாவும் பாரிசுக்கு வர மாட்டோம் என்று ஒரே பிடியாக இருந்தார்கள். அப்பா இப்போது சொந்த நிலத்தில் சம்பா போடுகிறார். அம்மா வரப்பில் நின்று நடவு ஆட்களை விரட்டுகிறாள். வாழ்நாளெல்லாம் குனிந்து நட்ட முதுகு அவளுக்கு நிமிர மறுக்கிறது, குரல் மட்டும் நன்றாக நிமிர்ந்திருக்கிறது. ஆகவே நான்தான் திரும்பி வந்தேன். வந்ததும் முதல் காரியமாக மிராசுதார் வீட்டுக்குப் போனேன். வாசல் வழியாகத்தான் போனேன்.

மிராசுதார் காலமாகிப் பல காலம் ஆகிறது. அவருடைய மகன் சென்னையில் வங்கி வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், அறுவடைக்கு மட்டும் வந்து தங்குகிறார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"வாங்க வாங்க. பாரிசுலேருந்து வந்துட்டதா சொன்னாங்க. உக்காருங்க."

உட்கார்ந்தேன். பிளாஸ்டிக் நாற்காலி. களத்துக்குப் போகிற இரும்பு நாற்காலி ஒன்று இருந்ததே என்று கேட்டேன்.

"அதுவா? எங்க தாத்தாவோட மச்சான் காரைக்கால் கச்சேரியில குமாஸ்தாவா இருந்தாரு, அவரு கொண்டாந்தது. மாட்டுக் கொட்டகையில கெடக்கு. தவிட்டு மூட்டை வச்சிருக்கோம் அதுமேல."

அதன் அருமை என்ன, வெளிநாட்டில் அதை எங்கெல்லாம் வைத்திருக்கிறார்கள் என்று ஒளிக்காமல் சொன்னேன். எடுத்துக்கொள்ள வந்த இடத்தில் ஏமாற்றுகிற பழக்கம் எனக்கு இல்லை. அவர் கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார்.

"எங்க வீட்டுல யாரு வந்து இதெல்லாம் பாக்கப் போறா? பசங்க அமெரிக்காவுல. நீங்க எடுத்துக்கோங்க. தெறப்பு விழாவுக்கு என்னைக் கூப்பிடுங்க, முன் வரிசையில ஒரு எடம் போடுங்க. அது போதும்."

அவசியம் கூப்பிடுகிறேன் என்றேன். கூப்பிட வேண்டும் என்று எனக்கே ஒரு காரணம் இருந்தது.

நாற்காலியின் மேல் பொங்கலுக்குப் பொங்கல் அடித்த பெயிண்ட் ஏடு ஏடாக இருந்தது. வெள்ளிப் பூச்சு, அதற்கு அடியில் ஆகாய நீலம், அதற்கு அடியில் ஜன்னல் கம்பிக்கு அடித்து மீந்துபோன ஏதோ ஒரு பழுப்பு. இரும்பு என்று கண்ணில் பட்டால் பொங்கலுக்கு முன்னால் பிரஷ்ஷை எடுக்காமல் இருக்க நம் ஆட்களால் முடியாது. உட்காரும் பலகையின் அடிப்பக்கத்துக்கு மட்டும் யாரும் பெயிண்ட் அடிக்கவில்லை. அங்கே தொழிற்சாலையில் அடித்த கரும்பச்சை அப்படியே இருந்தது. அந்தப் பச்சையின் நடுவில் மட்டும், உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாகத் தேய்ந்து, இரும்பு பளபளவென்று தெரிந்தது.

அந்த வட்டம் என்னை இரண்டு வாரம் பிடித்து வைத்தது. பாரிசில் நான் பார்த்த எந்த நாற்காலியிலும் அது இல்லை. கடைசியில் முடிவு செய்தேன். தகட்டை மடிக்கும்போது அச்சு அழுத்திய தடம் இது, ஆகவே இது தொழிற்சாலை முதலில் செய்து பார்த்தவற்றில் ஒன்று. முதலாளியம்மாவுக்குப் படம் அனுப்பினேன், அவரும் இருக்கலாம் என்றார். நாற்காலிக்குப் பக்கத்தில் வைக்கும் அட்டையில் அதை அச்சடித்தும் விட்டேன். தமிழிலும் பிரெஞ்சிலும்.

என் காலரியில் ஒரு விதி உண்டு. வாசலில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன்: எதில் வேண்டுமானாலும் உட்காரலாம். இதற்காகப் பாரிசில் இருக்கும் பழைய சகாக்கள் போனில் என்னோடு சண்டை போட்டார்கள். கயிறு கட்டு, கண்ணாடி போடு என்றார்கள். உட்காருவதற்காகச் செய்த ஒன்றைக் கயிறு கட்டி வைத்தால் அதைச் செய்தவனை அவமதிக்கிறோம் என்றேன். அதோடு, உட்காராதே என்று ஒரு பலகையை எழுதுவதற்காகவா இவ்வளவு தூரம் படித்தேன்? அதை அவர்களிடம் சொல்லவில்லை, புரிந்திருக்காது.

அம்மா தினமும் மத்தியானம் எனக்குச் சோறு கொண்டுவருவாள். வந்தவள் கொஞ்ச நேரம் இருந்து அங்கே இங்கே பெருக்குவாள், நீளமான அலுமினிய மேசை பக்கத்தில் தரையில் காலை நீட்டிக்கொண்டு மொச்சை உரிப்பாள். "இத்தனை நாற்காலி கெடக்கே, ஒண்ணுல உக்காரேன்" என்பேன். "எனக்கு இதுதான் தோது" என்பாள். அம்மாவுக்குத் தரைதான் வசதி என்று நானும் முடிவு கட்டிவிட்டேன்.

திறப்பு விழாவில் குத்துவிளக்கு வேண்டாம், ரிப்பன் வேண்டாம் என்று தீர்மானித்திருந்தேன். அந்த நாற்காலியில் அப்பா உட்காருவார். மிராசுதாரின் மகன் முன் வரிசையில் இருந்து பார்க்க, ஊர் முழுக்கப் பார்க்க, என் முதலாளியம்மா பார்க்க, என் அப்பா அதில் உட்காருவார். அதுதான் திறப்பு. அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லவில்லை, சொன்னால் வயலில் தண்ணீர் பாய்ச்ச வேண்டும் என்று கிளம்பிவிடுவார். உண்மையைச் சொன்னால், இந்தக் காலரியே அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் என்று கூடச் சொல்வேன். அந்தக் களத்தில் சுற்றி நின்றவர்களில் ஒருவரை நான் நடுவில் உட்காரவைத்தாக வேண்டும்.

"வெளக்கேத்தாம ஒரு தெறப்பா?" என்று அம்மாவுக்கு மட்டும் குறை.

"அப்பாதான் தெறந்து வைக்கிறாரு."

"அவரா? அப்ப ஒரு நல்ல சட்டை எடுக்கணுமே" என்று அவள் அந்தக் கவலையில் இறங்கிவிட்டாள்.

விழா நாளன்று மில்லின் சிமெண்ட் களத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. கொள்முதல் நிலையத்தில் ஈரம் அதிகம் என்று திருப்பிவிட்ட நெல்லை எங்கே கொண்டுபோவார்கள்? இங்கே போடுங்கள் என்று நான்தான் சொல்லியிருந்தேன். மும்பையில் இருந்து வந்த சேகரிப்பாளர் ஒருவர் பளபளக்கும் செருப்போடு நெல்லைச் சுற்றிச் சுற்றி வந்து உள்ளே நுழைந்தார். புதுச்சேரியில் இருந்து இரண்டு பேராசிரியர்கள் வந்திருந்தார்கள். பாரிசில் இருந்து என் முதலாளியம்மா கைத்தடியோடு வந்து, மிராசுதார் வீட்டு நாற்காலிக்கு முன்னால் நின்று, பின்காலைத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் கையை நீட்டினார். தோற்றேன் என்று அர்த்தம். அந்தக் கையைக் குலுக்கினபோது எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்கவில்லை.

ஆனால் வந்த கூட்டத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல் ஏறியது. வெளியூர்க்காரர்கள் உட்கார்ந்தார்கள். கடைத்தெருக்காரர்கள் உட்கார்ந்தார்கள். மிராசுதாரின் மகன் முன் வரிசையில் குழாய் நாற்காலி ஒன்றில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் தெருக்காரர்கள் மட்டும் சுவரோரமாக நின்றார்கள். அவர்களில் ஆசிரியர் உண்டு, நர்ஸ் உண்டு, துபாயில் சம்பாதித்து மாடி வீடு கட்டியவர் உண்டு. வாசலில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். "உக்காருங்களேன்" என்று நான் சொன்னால், "இருக்கட்டும், இருக்கட்டும், பரவாயில்ல" என்று சிரித்தார்கள். அம்மா புதுப் புடவையில் தூண் ஓரமாக நின்றிருந்தாள்.

சுருக்கமாகப் பேசினேன். இந்த நாற்காலியைச் செய்தவர்கள் இதை யாருக்காகச் செய்தார்கள், இங்கே வந்து இது யாருக்கு மட்டும் ஆனது என்று சொன்னேன். மிராசுதாரின் மகன் காலை ஆட்டுவதை நிறுத்தினார். பிறகு அப்பாவைக் கூப்பிட்டேன்.

புதுச் சட்டையின் மடிப்பு கலையாமல் வந்தார். மேடை என்று ஒன்றும் இல்லை, தரையோடு ஒரு மரப் பலகை, அதன் மேல் நாற்காலி.

"அப்பா, உக்காருங்க" என்றேன். "இதுல நீங்க உக்காரணும். அதோட இந்த எடம் தெறந்தாச்சு."

அவர் உட்காரவில்லை. நாற்காலியைப் பார்த்தார். அருகே போய் ஒற்றைக் கையால் தூக்கி அப்படியே கவிழ்த்தார். அடிப்பக்கத்தில் இருந்த வட்டத்தைப் பார்த்ததும் பல் தெரியச் சிரித்தார். அந்த வட்டத்தில் உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டே மறு கையால் தன் உச்சந்தலையைத் தடவினார்.

அவர் வாயைத் திறக்கும் முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. தலையில் துணியைச் சுருட்டிச் சும்மாடு வைத்து, அதன் மேல் நாற்காலியைக் கவிழ்க்காமல் நேராக ஏற்றி, முன்கால் இரண்டையும் பிடித்துக்கொண்டு வரப்பு வரப்பாக நடந்தால் எங்கே தேயுமோ அங்கேதான் தேய்ந்திருந்தது. அச்சுத் தடம் என்று இரண்டு மொழியில் அச்சடித்த என் அட்டை பக்கத்திலேயே நின்றது. அதை எடுத்துப் பின்பக்கமாகத் திருப்பி வைத்தேன். வேறென்ன செய்ய?

"நீங்களா தூக்கிட்டுப் போவீங்க?"

"பின்ன, அதுவா நடந்து போச்சு?" என்றார். சுவரோரத்தில் சிரிப்பு கிளம்பியது.

"சரி, இன்னைக்காவது உக்காருங்க."

"இதுல நான் எத்தனையோ தரம் உக்காந்திருக்கேன்."

சிரிப்பு நின்றது. மிராசுதாரின் மகன் முன்னால் குனிந்தார். "எப்போ?"

"நீங்கள்லாம் எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி, தம்பி." அப்பா அவரைத் தம்பி என்று கூப்பிட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "வெடியறதுக்குள்ள நாற்காலி களத்துல இருக்கணும்னு உத்தரவு. காரியக்காரரு காப்பி குடிச்சு, வெத்தலை போட்டு, குடையைத் தேடி எடுத்துகிட்டு நெதானமாத்தான் வருவாரு. அதுவரைக்கும் நாற்காலி சும்மாதானே இருக்கு? உக்காந்து ஒரு பீடி குடிப்பேன். கால் மேல கால் போட்டுகிட்டு."

"யாரும் பாக்கலயா?" என்றேன் நான்.

"பாத்திருந்தா வேலையும் போயிருக்கும், முதுகுத் தோலும் போயிருக்கும்."

மிராசுதாரின் மகன் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தன் கையைப் பார்த்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "எங்கப்பா கடைசிவரைக்கும் அந்த நாற்காலி தன்னோடதுன்னே நெனச்சுகிட்டிருந்தாரு" என்றார். அந்த மனுஷனை எனக்கு அப்போது பிடித்துப்போனது.

நான் நினைத்துவைத்திருந்த நிமிஷம் கையை விட்டுப் போய்விட்டது. முதல் தடவையாக உட்கார வேண்டியவர், நான் பிறப்பதற்கு முன்பே கால் மேல் கால் போட்டு உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறார். ஏமாற்றமா என்று கேட்டால் இல்லை. எனக்குத் தலைகால் புரியாத பெருமை. ஆனாலும் விழா நடுவில் நின்றுகொண்டிருந்தது, எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப யாருப்பா உக்காரறது?"

அவர் நாற்காலியை நிமிர்த்திப் பலகையின் நடுவில் வைத்தார். தோள் துண்டால் ஒரு தடவை துடைத்தார். தூண் பக்கம் திரும்பினார்.

"உங்கம்மா. அவதான் இதுல உக்காரவே இல்ல."

அம்மா பதறிப்போய், "ஐயோ, என்னை எதுக்கு? இங்க இத்தனை பெரியவங்க இருக்காங்க" என்று தூணுக்குப் பின்னால் போகப் பார்த்தாள்.

"நான் எப்படி மாட்டாம உக்காந்தேன்னு கேட்டல்ல?" என்றார் அப்பா என்னிடம். "இவதான் காவல். களம் கூட்ட வந்தவ, தொடப்பத்தைப் போட்டுட்டு வரப்பு மேல ஏறி நின்னு ரோட்டையே பாத்துகிட்டு நிப்பா. தூரத்துல குடை தெரிஞ்சா இருமுவா. நான் எழுந்திரிச்சிடுவேன். நீயும் ஒரு தரம் உக்காருன்னு சொல்லாத நாள் கெடையாது. நீ வயித்துல இருக்கறப்பகூட நின்னுகிட்டேதான் இருந்தா."

"நானும் உக்காந்துட்டா ரோட்டை யாரு பாக்கறது?" என்றாள் அம்மா, தூணுக்குப் பின்னால் இருந்தே. கோபமாகச் சொன்னாள். இத்தனை வருஷம் கழித்தும் அதுதான் அவளுக்கு நியாயம்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. முன் வரிசையில் அத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அடக்கிக்கொள்ளவும் இல்லை. களத்தில் உட்கார்ந்தவரை எனக்கு ஞாபகம் இருந்தது, சுற்றி நின்றவர்கள் ஞாபகம் இருந்தார்கள். வரப்பின் மேல் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவள் என் கண்ணில் பட்டதே இல்லை. தினமும் அந்தச் சிமெண்ட் தரையில் உட்கார்ந்து மொச்சை உரித்தவளிடம் உனக்குத் தரைதான் தோதா என்று நான் இரண்டாம் தடவை கேட்டதில்லை.

அப்பா அம்மாவின் கையைப் பிடித்து அழைத்து வந்தார். ஊருக்கு முன்னால் அவர் அவள் கையைப் பிடித்தது சுவரோரத்தில் நின்றவர்களுக்கெல்லாம் புதுசு.

"இந்தா, உக்காரு. இன்னைக்கு ரோட்டை நான் பாத்துக்கறேன்."

சொல்லிவிட்டு அவர் திரும்பிப் பார்க்காமல் நடந்து மில் வாசலுக்குப் போனார். காய்கிற நெல்லைத் தாண்டி, கேட் ஓரத்தில், ரோட்டைப் பார்த்தபடி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

அம்மா புடவையைச் சரிசெய்தாள். நாற்காலியின் விளிம்பில், எந்த நிமிஷமும் எழுந்துவிடத் தயாராக இருப்பவள் மாதிரி ஒட்டி உட்கார்ந்தாள். பிறகு கொஞ்சம் பின்னால் நகர்ந்தாள். நிமிராத முதுகு அந்த வளைந்த தகட்டில் மெதுவாகப் போய்ப் படிந்தது. "நல்லாத்தான் சாயுது" என்றாள் என்னிடம், ரகசியம் போல. அம்மா என்ன சொன்னாள் என்று முதலாளியம்மா கேட்டார். மொழிபெயர்த்தேன். அவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு எழுந்து நின்றார்.

சுவரோரத்தில் யாரோ ஒருவர் பக்கத்தில் இருந்த நாற்காலியை இழுத்தார். பிறகு இன்னொருவர் இழுத்தார். எங்கள் தெரு உட்கார ஆரம்பித்தது.

அப்போது ரோட்டில் ஒரு கார் திரும்பும் சத்தம் கேட்டது. தாமதமாக வரும் யாரோ பெரிய மனிதர். வாசலில் நின்ற அப்பா, திரும்பாமலே, இரண்டு தடவை பலமாக இருமினார்.

அம்மாவின் கை சட்டென்று நாற்காலியின் விளிம்பைப் பிடித்தது. எழுந்துவிடுவாள் என்றுதான் நானும் நினைத்தேன். அவள் வாசலைப் பார்த்தாள், அப்பாவின் முதுகைப் பார்த்தாள். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"வந்தா வரட்டும்" என்றாள்.